லாக் நகரில் எதைப் பாதுகாப்பது?

சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேராக ஓர் அறையில் இருந்தோம். சேப்பாக்கம் பக்கம் 'லாக் நகர்' என்று ஓர் இடம் இருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள். எனக்கு முதலில் தோன்றியது போலீஸ் லாக்கப். அறைத்தோழன் திண்டுக்கல்காரன். "பூட்டு செய்யுறவங்க இருந்திருப்பாங்க மாப்ள" என்று ஊர்ப் பெருமையோடு தீர்ப்பு சொன்னான். மூன்றாமவன் சிவில் படித்தவன். அவனும் மறுக்கவில்லை.

பல வருஷம் கழித்துக் கோட்டூரில் 'லாக் தெரு' என்ற பெயரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டு இடங்களுக்கும் என்ன பொது? ஒன்று பக்கிங்காம் கால்வாய் கூவத்தைத் தொடும் இடத்தை ஒட்டியது. இன்னொன்று அதே கால்வாய் அடையாற்றைத் தொடும் இடத்தை ஒட்டியது. பூட்டும் இல்லை, லாக்கப்பும் இல்லை. ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு நீர்மட்டத்துக்குப் படகை மாற்றிவிடுவதற்காக இரண்டு பக்கமும் கதவு வைத்துக் கட்டிய தொட்டிக்குத்தான் லாக் என்று பெயர். படகு போய்விட்டது, தொட்டி தூர்ந்துவிட்டது. பெயர் மட்டும் நகராகவும் தெருவாகவும் தபால் முகவரியில் உட்கார்ந்திருக்கிறது.

இப்படிப்பட்ட பழைய கட்டுமானங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கணும் என்று நண்பர்கள் மத்தியில் பேச்சு வரும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன். மனுவில் கையெழுத்துப் போடுவதற்குச் செலவொன்றும் இல்லையே. ஆனால் லாக் என்ற பொருளையும், அதைப் பாதுகாக்கப் போவதாகச் சொல்லும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபிறகு அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை. அந்தச் சங்கடத்தைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எம். புதுப்பட்டியில் பிறந்தவனுக்குப் படகு என்பது சினிமாவில் வரும் பொருள். எங்கள் பக்கத்து ஆறுகளில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் ஓடும். எங்களுக்குத் தெரிந்த நீர்க் கட்டுமானம் கண்மாய், மடை, கலுங்கு. மடையைத் திறந்தால் தண்ணீர் மேலேயிருந்து கீழே போகும், அவ்வளவுதான். லாக் அப்படியல்ல. அதன் வேலையே மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் திறந்துவிடாமல் இருப்பது. படகு உள்ளே வரும், பின்கதவு மூடும், கதவில் இருக்கும் சின்ன ஷட்டரைத் தூக்கித் தண்ணீரை மெதுவாக ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள், உள்ளேயும் வெளியேயும் மட்டம் சமமானபிறகு முன்கதவு தானாக இளகிக் கொடுக்கும். சமமாகும் வரை எத்தனை பேர் தள்ளினாலும் திறக்காது, தண்ணீரின் அழுத்தமே கதவைப் பிடித்துக்கொள்ளும்.

நான் எழுதும் நிரல்களிலும் 'லாக்' உண்டு. ஒரே தரவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகப் போடுவது. நேர்காணலில் அதை நூறு தடவை விளக்கியிருக்கிறேன். இரண்டு கதவும் ஒருசேரத் திறக்கக் கூடாது என்ற ஒற்றை விதியை மரமும் கல்லும் ஒரு காவல்காரரும் சேர்ந்து காப்பாற்றிய இடம், நான் தினமும் போகும் வழியிலேயே இருந்தது தெரியாமல்தான் விளக்கினேன். சீனாவில் பெருங்கால்வாயில் 984-லேயே சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி இரட்டைக் கதவு லாக் கட்டிவிட்டார். அதற்குக் காரணமும் நம்மூர்க் காரணம்தான்: சரிவில் படகை இழுத்து ஏற்றும்போது படகு உடைகிறது, உடையும் சாக்கில் அரசாங்கத் தானியம் களவு போகிறது.

பக்கிங்காம் கால்வாயில் மலை ஏறி இறங்க வேண்டிய அவசியம் இல்லை. கடற்கரைக்கு இணையாக, கடல்மட்டத்திலேயே கிடக்கும் உப்புநீர்க் கால்வாய் அது. ஆனால் வழியில் ஆறுகள் குறுக்கே வருகின்றன. ஆற்றில் ஓதம் ஏறும், வற்றும். ஓதம் வற்றும்போது கால்வாய்த் தண்ணீரும் கூடவே வடிந்துவிட்டால் படகு தரைதட்டும். வெள்ளம் வந்தால் வண்டல் உள்ளே ஏறும். அதனால்தான் ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் வேண்டியிருந்தது. ஆகவே லாக் என்பது தனியாக நிற்கும் ஒரு கட்டடமல்ல. இந்தப் பக்கம் ஓர் ஆறு, அந்தப் பக்கம் ஒரு கால்வாய், நடுவில் ஓதம் எப்போது ஏறும் என்று தெரிந்த ஓர் ஆள். இதில் எது போனாலும் மிச்சமிருப்பது கருங்கல் சுவர்தான்.

(ஓதம் என்றதும் ஞாபகம் வருகிறது. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கும் டைடல் பார்க்குக்கும் நடுவில் ஓடுவது இதே கால்வாய். டைடல் என்பது ஓதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்களின் பெயரை ஒட்டவைத்து உண்டாக்கியதாம்.)

கால்வாயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கே கிருஷ்ணா ஆறு வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீட்டியது. நகரத்துக்கு விறகும் உப்பும் இதில்தான் வந்தன. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே மட்டும் ஏறக்குறைய 8 கி.மீ. இடைவெளி விட்டுப்போயிருந்தது. அதை வெட்டியது 1877-78-இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய் முழுமைக்கும் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நிவாரண வேலை என்றால் பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றுவது இல்லை. மண் வெட்டினால்தான் கூலி. 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் அந்தக் கூலியையும் குறைத்தார்: வளர்ந்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடவே ஓர் அணா. நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதிச் சண்டை போட்டார். சில மாதங்களில் கொஞ்சம் கூட்டினார்கள். கூட்டச் சொன்ன தரப்பில் பக்கிங்காமும் இருந்தார் என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஆனாலும் கால்வாயில் அவர் பெயர் இருக்கிறது. வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நீலப் பலகை வைத்தால் அதில் எந்தப் பெயர் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பலகையின் அளவு சின்னது. ஆண்டு, ஆட்சியாளர், பொறியாளர் எழுதியதும் இடம் தீர்ந்துவிடும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1958-இன் மத்தியச் சட்டம் தொன்மைச் சின்னம் என்று எதைச் சொல்கிறது? கட்டுமானம், நினைவுச் சின்னம், புதைமேடு, குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. வரலாறு, தொல்லியல், கலை என்ற மூன்றில் ஏதாவது ஒரு வகையில் கவனத்துக்குரியதாக இருக்க வேண்டும். வயது நூறாவது ஆகியிருக்க வேண்டும். 1878-இல் கட்டிய லாக் இந்த வரையறைக்குள் தாராளமாக வரும். மாநிலத்துக்கென்று தனியாக 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதனால் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. பழக்கத்தில் இடமில்லை. நம் ஊரில் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலைப் புரட்டினால் கோயில், கோட்டை, கல்லறை, பெருங்கற்காலப் புதைகுழி என்று போகும். லாக் இருக்காது. பார்த்து வியக்கிற பொருள்தான் நமக்குச் சின்னம். இயக்குகிற பொருள் என்றால் அது பொதுப்பணித்துறை சமாச்சாரம்.

நகரத்துக் கட்டடங்களின் கதை இன்னும் வேடிக்கை. சென்னையின் 468 பாரம்பரியக் கட்டடங்கள் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் பட்டியல், நீதியரசர் பத்மநாபன் குழு கொடுத்தது. அந்தக் குழு அமைக்கப்பட்டதே விளம்பரப் பலகைகள் விவகாரத்துக்காக. எந்தெந்தக் கட்டடத்தின் முகத்தை ஹோர்டிங் மறைக்கக் கூடாது என்று பார்க்கப்போய் உருவான பட்டியல் அது. அண்ணா சாலையின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2010-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அதே பட்டியல்தான் கைகொடுத்தது. அந்தத் தீர்ப்பைக் குறைத்துச் சொல்லவில்லை; அது இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ போயிருக்கும். ஆனால் முகம் தெரிய வேண்டும் என்ற கவலையிலிருந்து பிறந்த பட்டியல் முகத்தைத்தான் பார்க்கும். லாக்குக்கு முகம் இல்லை. தரைக்குக் கீழே இரண்டு சுவரும் ஒரு பள்ளமும்தான்.

இதற்குப் பிறகு வருவதுதான் என்னை நிஜமாகவே நிறுத்திய விஷயம். 2010-இல் மத்தியச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. முதல் 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். தாராசுரத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ இது நல்ல விதி. லாக் நகரில் அந்த 100 மீட்டரை அளந்தால் என்ன ஆகும்? கால்வாய்க் கரையில் தலைமுறையாகக் குடியிருக்கும் மக்களின் வீடுகள் முழுக்க அதற்குள் வந்துவிடும். பட்டா இல்லாதவர் அனுமதிக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? சென்னையில் நீர்நிலையோரத்து மக்களை என்ன செய்வோம் என்பதற்கு ஏற்கெனவே முன்னுதாரணம் உண்டு. 2000-த்திலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். லாக் என்ற சொல்லை மறக்காமல் வைத்திருக்கிறவர்களை லாக்கின் பெயராலேயே முப்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிட்டு, காலியான இடத்தில் புல்தரையும் பலகையும் வைக்கலாம். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இருக்காது.

தூரம் என்ற சொல் எங்கள் ஊரில் வேறு அர்த்தம் கொண்டது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இத்தனை தூரம் இருக்க வேண்டும், ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று விதி. சிவகாசியிலிருந்து எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் பொட்டலில் தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்ததுபோல வெள்ளை அறைகள் தெரியும், வேலை பார்க்கிற பெண்களுக்கு நிழலாக வேப்பமரம் நிற்கும். ஒரு அறை போனால் மற்ற அறையில் இருப்பவர் பிழைக்கட்டும் என்பதற்கான தூரம் அது. விதியை மீறும்போது என்ன நடக்கும் என்பதை வருஷா வருஷம் செய்தியில் பார்க்கிறோம். மனுஷனைக் காப்பாற்ற வைத்த தூரத்தை அளக்க ஆள் கிடைக்காத ஊரிலிருந்து வந்தவனுக்கு, கல்லைக் காப்பாற்ற மனுஷனைத் தள்ளிவைக்கும் தூரத்தை டேப் பிடித்துத் துல்லியமாக அளக்கும் சட்டம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு இல்லாததால்தானே இந்தக் கதி? ஆமாம். 1965-66, 1976 புயல்கள் கால்வாயை நாசமாக்கின. புயலாவது தெரியாமல் செய்தது. பறக்கும் ரயில் தெரிந்தே செய்தது. 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலாப்பூர் வரை, 2007-இல் வேளச்சேரி வரை. நகரத்துக்குள் பாதித் தூரத்துக்கு மேல் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன, நிலையங்கள் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கின்றன. நிலம் கையகப்படுத்த வேண்டாம், வழக்கு வராது, கால்வாய்க்குக் கேட்க ஆளில்லை. 80களில் யாராவது கால்வாய்க்கு ஒரு சட்டத் தகுதி வாங்கி வைத்திருந்தால் அந்தப் பாதையை வேறு மாதிரி யோசித்திருப்பார்களோ என்னவோ. அந்த ரயிலில்தான் நான் அலுவலகம் போகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் தகுதி என்பதற்கும் இந்தக் கால்வாயில் பஞ்சமில்லை. 2008-இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையான கால்வாய்களையும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். பக்கிங்காம் கால்வாய் அதில் அடக்கம். ஆக ஒரே வாய்க்கால் டெல்லிக் காகிதத்தில் நீர்வழிச் சாலை, நகரத்தில் சாக்கடை, ரயில்வே வரைபடத்தில் தூண் நடும் இடம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூரில் வீடுகளுக்குள் புகுந்தபோதும் அது தேசிய நீர்வழிதான். இருபத்துநாலு மணி நேரத்தில் மறைந்துபோகும் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு இருக்கும் மரியாதைகூட இந்த ஸ்டேட்டஸ்களுக்கு இல்லை. நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பதால் மட்டும் என்ன மாறும்?

நாம் எழுதும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு அச்சு உண்டு. ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அதில் பாய்மரம் வைத்த படகு. 'ஒரு காலத்தில்' என்று முதல் பத்தி. தெளிந்த நீர், மீன்கள். கடைசியில் 'இன்றோ' என்று ஒரு பெருமூச்சு. நானும் இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், நல்லவேளை அந்த வலைப்பூ இப்போது இல்லை. இந்த அச்சில் உழைப்பு இருக்காது. படகு தானாக மிதந்து போகும், லாக் தானாகத் திறக்கும். பாரதிதாசன் 1930களில் நண்பர்களோடு இதே கால்வாயில் படகில் மாமல்லபுரம் போனதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று எழுதினார். பயணப் பாட்டு, கொண்டாட்டமான பாட்டு. ஆனாலும் அந்தத் தோணி மனித உடம்பின் பலத்தால்தான் நகர்கிறது என்பதை அவர் பார்க்கத் தவறவில்லை. போகிற வழியின் அழகில் மயங்கிய அதே கண் தோணிக்காரனின் தோளையும் பார்த்தது. ஏக்கக் கட்டுரைகளை விட அந்தப் பாட்டு எனக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான். லாக் பற்றிய நல்ல விமர்சனம் அதன் கதவைச் சுழற்றிய ஆளிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்படிச் செய்ய முடியுமா என்றால், செய்திருக்கிறார்கள். கனடாவில் ரிடோ கால்வாய், 202 கி.மீ. 1826-இல் தொடங்கி 1832-இல் முடித்தது. 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பெரும்பாலான லாக்குகளை இன்றும் ஊழியர்கள் கையால் சுழற்றித்தான் திறக்கிறார்கள். கோடையில் படகு வருகிறது, ஆள் வந்து கைப்பிடியைச் சுற்றுகிறார், தண்ணீர் ஏறுகிறது. கல்லை மட்டுமல்ல, கல்லோடு சேர்த்து அந்த வேலையையும் வைத்துக்கொண்டார்கள். கட்டும்போது மலேரியாவிலும் விபத்திலும் செத்தவர்கள் ஆயிரம் பேர் அளவில் இருக்கும் என்கிறார்கள். அவர்கள் நினைவாக ஒட்டாவா லாக்குகளின் பக்கத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. பணக்கார நாடு, தண்ணீர் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சொல்லலாம். சரிதான். ஆனால் பணம் இல்லாமலேயே நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று அதில் இருக்கிறது: பட்டியலில் பொருளை எழுதும்போது அதை இயக்கியவரையும் ஒட்டி வாழ்பவரையும் பொருளின் பகுதியாக எழுதுவது. லாக் நகருக்கு அதை மொழிபெயர்த்தால், 100 மீட்டருக்குள் இருப்பவர்கள் அகற்ற வேண்டிய ஆக்கிரமிப்பு அல்ல, அந்த இடத்தின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் என்று சட்டத்துக்குள் சொல்ல வேண்டியிருக்கும். இன்றைய சட்டத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை. வழி உண்டாகும் வரை மனுவில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்த வாரம் அம்மாவிடம் போனில் பேசினேன். அம்மா தீப்பெட்டி ஒட்டி எங்களைப் படிக்கவைத்தவர், கால்வாய் லாக்கைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க நேரமாயிற்று. புரிந்ததும், "அதான் நம்ம மடை மாதிரி" என்றார். மாதிரி இல்லை, ஆனால் விட்டுவிட்டேன். மடை என்றதும் எங்கள் கண்மாயின் பழைய கல் மடையைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. தலைக்கு மேல் உயரம் வரும் கல் தூண்கள், நடுவில் குறுக்குக் கல், அதன் துளை வழியாகக் கீழே இறங்கும் கட்டை. மழைக்காலத்தில் நீர்ப்பாய்ச்சி முங்கிப்போய்க் கட்டையைத் தூக்குவார், நாங்கள் கரையில் நின்று எத்தனை எண்ணிக்கையில் வெளியே வருகிறார் என்று எண்ணுவோம். (மடையைத் திறந்தவன்தான் மடையன், உயிரைக் கொடுத்தவனை வசவாக்கிவிட்டோம் என்று வாட்ஸப்பில் ஒரு உருக்கமான கதை சுற்றுகிறது. மடமை என்ற சொல்லே பக்கத்தில் இருக்கும்போது இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் கட்சி.)

"அந்த மடைக் கல்லெல்லாம் எங்கம்மா?"

"சிமிட்டில கட்டி இரும்பு ஷட்டர் போட்டுட்டாங்கல்லய்யா. ரெண்டு கல்லு கோயிலு முன்னாடி உக்காரக் கெடக்கு. மத்தது எங்க போச்சோ."

"நீர்ப்பாய்ச்சித் தாத்தா வீட்ல யாராச்சும் இருக்காங்களா?"

"பேரன் இருக்கான். பட்டாசு ஆபீஸுக்குப் போறான்." எங்கள் ஊரில் ஃபேக்டரி என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.

"அப்ப ஷட்டரத் தொறக்குற சாவி யாருகிட்ட இருக்கு?"

"யாருகிட்ட இருக்கோ. தண்ணி வந்தாத்தான தேடுவாக" என்றார்.